நாப்பது மூட்டை சிமெண்டும் மூணு விரல் பாறையும்

துறைமுகத்து மேடையோட கோடியில, கடலுக்குள்ள நட்டு வச்ச ஒரு அளவுகோல் இருக்கும். ரெண்டு ஆள் உயரம். கறுப்பும் வெள்ளையுமா கோடு போட்டு நம்பர் எழுதியிருக்கும். அதுக்கு எதுத்தாப்புல ஒரு ரூமும் ஒரு சமையக்கட்டுமா ஒரு குவார்ட்டர்ஸ். அதுல முப்பத்தொரு வருஷமா ஒருத்தி இருந்தா. கடல் ஏறுனா எதுவரைக்கும் ஏறுச்சு, எறங்குனா எதுவரைக்கும் எறங்குச்சுன்னு பாத்து நோட்டுல எழுதணும். ஏத்தம் ரெண்டு, வத்தம் ரெண்டு, ஆக நாளைக்கு நாலு வாட்டி. சம்பளம் அரசாங்கம் குடுத்துச்சு.

இது ஒரு வேலையான்னு சிரிச்சவங்க உண்டு. அந்த வேலையில ஒரு நாள் இருந்து பாத்தவன் சிரிக்க மாட்டான். கடல் கடிகாரம் பாத்து எறங்குறதில்ல, நிலாவப் பாத்து எறங்குது. இன்னைக்குப் பத்து மணிக்கு வத்தம்னா நாளைக்குப் பத்து அம்பது, மறுநாள் பதினொண்ணு நாப்பது. அவ தூக்கமும் சோறும் அது பின்னாலயே நகந்துகிட்டே போகும். ஊரு சாப்புடும்போது அவ தூங்குவா. ஊரு தூங்கும்போது உலை வைப்பா. கல்யாண வீட்டுக்குப் போனா பந்தியில இலை போடுற நேரத்துக்கு எந்திரிச்சு ஓடுவா.

அதனால அவளுக்கு விழுந்த பேரு வத்தம்மா. பெத்தவங்க வச்ச பேரு சம்பளப் பட்டியல்ல மட்டும் உயிரோட இருந்துச்சு.

கட்டுனவன் ஒருத்தனும் இருந்தான். லாரி ஆபீஸ்ல கணக்கன். நாலு வருஷம் பொறுத்தான். அப்புறம் பொட்டியக் கட்டிட்டுச் சொன்னான்: "நீ ஏற்கெனவே நிலாவக் கட்டிக்கிட்டவ. ரெண்டாம் தாரமா எனக்கு இங்க என்ன வேலை?" வத்தம்மா பதில் சொல்ல வாயத் தொறந்தா. அப்ப பாத்து வத்தத்துக்கு நேரமாயிடுச்சு. நோட்டத் தூக்கிட்டு ஓடுனா. திரும்பி வரும்போது வாசல்ல அவன் செருப்பு இல்ல.

மிச்சம் இருந்த சொந்தம்னா தம்பி ஒருத்தன்தான். அவளவிடப் பத்து வயசு சின்னவன். விசைப்படகு வச்சிருந்தான். மாசாமாசம் அவ எழுதி நோட்டீஸ் பலகையில ஒட்டுற ஏத்த வத்தப் பட்டியல ஒரு காப்பி எடுத்துட்டுப் போய்ப் படகுல சுக்கான் பக்கத்துல மாட்டி வச்சிருப்பான். கடலுக்குப் போறவனுக்கு அது வேணும்தான். ஆனா அவன் அதுல வேறொரு கணக்கும் பாப்பான். வத்தம் பாத்துட்டு வந்துதான் அக்கா உலை வைப்பா, அந்த நேரத்துக்குப் போனா முழிச்சிருப்பா, சூடா சோறும் கெடைக்கும். இத்தன பெரிய ஊர்ல வத்தம்மா எப்ப முழிச்சிருப்பான்னு தெரிஞ்ச ஒரே ஆள் அவன். மாசத்துக்கு ரெண்டு வாட்டி, கையில மீனோட வந்து கதவத் தட்டுவான்.

மத்த நாள்ல அவ கடலோட பேசிக்குவா. "இன்னைக்கு ஏன் ரெண்டு விரக்கடை கம்மியா எறங்கிருக்க? காத்தா?" அப்படின்னு. கடல் பதில் சொல்லாட்டி அவளே சொல்லிக்குவா.

இந்தக் கோலுக்கும் நோட்டுக்கும் எதுக்கு அரசாங்கம் காசு செலவு பண்ணணும்? அங்கதான் விஷயம் இருக்கு. நிலத்துல வேலி போடலாம், கடல்ல போட முடியுமா? முடியாது. அதனால சட்டத்தால போட்டாங்க. கரையில தண்ணி நல்லா வத்துற இடம் எதுவோ, அங்கதான் நாடு ஆரம்பிக்குது. அங்கிருந்து பன்னெண்டு மைல் நம்ம கடல். இருநூறு மைல் வரைக்கும் மீன் நமக்கு. எதிர்க்கரைக்காரன் கிட்டத்துலயே இருந்தா இருநூறுக்கு எடமில்ல, அவன் கரைக்கும் நம்ம கரைக்கும் நடுவுல கோடு கிழிக்கணும். கோட்டுக்கு இந்தப் பக்கம் வலை போட்டா பொழப்பு, அந்தப் பக்கம் போட்டா ஜெயிலு. மீனுக்கு மட்டும் இந்தச் சட்டத்த யாரும் படிச்சுக் காட்டல.

இதுல ஒரு சின்ன ஓட்டை வச்சிருக்காங்க. பன்னெண்டு மைலுக்குள்ள ஒரு பாறை இருந்து, அது ஏத்தத்துல முழுகி வத்தத்துல கொஞ்சம் தல காட்டுனாலும் போதும். கரைய விட்டுட்டு அந்தப் பாறையில இருந்தே அளக்கலாம். ஒரே ஒரு நிபந்தனை. அது தானா மொளச்ச பாறையா இருக்கணும். மனுஷன் கட்டுனது செல்லாது.

வத்தம்மா துறைமுகத்துக்கு நேர் எதிரே பதினோரு மைல்ல அப்படி ஒரு பாறை இருந்துச்சு. ஒரு கட்டில் அகலம்தான் இருக்கும். அந்த ஒரு கட்டிலால நடுக்கோடு அஞ்சு ஆறு மைல் தள்ளிப் போய் நின்னுச்சு. அந்த அஞ்சு ஆறு மைலுக்குள்ளதான் திட்டு இருந்துச்சு. கடலுக்கடியில மேடு. மீன் மேயுற எடம். தம்பியோட சேத்து எட்டுப் படகு அந்தத் திட்ட நம்பித்தான் அடுப்பெரிச்சது.

வருஷத்துக்கு ஒரு வாட்டி, கடல் ரொம்ப வத்துற நாள்ல, வத்தம்மா லாஞ்சுல போய் அந்தப் பாறைய அளந்து சான்று எழுதிக் கையெழுத்துப் போடணும். பாறை தெரிகிறது, தெரியவில்லை, இயற்கையானது, இயற்கையல்ல. இப்படி நாலு கட்டம், கீழ குறிப்புன்னு ஒரு எடம். வேலைக்குச் சேந்த புதுசுல பாறை அவ முழங்கால் உயரம் நின்னுச்சு. அல அடிச்சு அடிச்சுத் தேஞ்சது. போன வருஷம் அளக்கும்போது ஒரு சாண்கூட இல்ல.

இந்த வருஷம் சாதாரண வருஷம் இல்ல. ரெண்டு நாட்டு ஆளுங்களும் உக்காந்து கோட்ட முடிவா கிழிக்கப் போறாங்க. அதுக்கு இந்தத் தடவ சான்று வேணும். நிலாவோட பாதை பதினெட்டரை வருஷத்துக்கு ஒருக்கா நல்லா சாஞ்சு திரும்பும், அப்ப அந்தக் கடல் மத்த வருஷத்தவிட நல்லா வத்தும். அந்த நாளும் இந்த வருஷம்தான் வந்துச்சு. மதியம் ஒண்ணு இருவதுக்கு. அன்னைக்குப் பாறை தல காட்டலன்னா, அப்புறம் பதினெட்டு வருஷத்துக்குக் காட்டாது.

கோடு முடிவாகுற வரைக்கும் பாறையோட அளவ யார்கிட்டயும் சொல்லக் கூடாதுன்னு விதி. முப்பத்தொரு வருஷம் அவ சொன்னதில்ல. சொல்றதுக்கு ஆளும் இல்ல, அது வேற விஷயம்.

அந்த நாளுக்கு மூணு வாரம் முன்னாடி தம்பி சாப்புட வந்தான். அதுக்கு முன்னால ரெண்டு வாரமா அவ வீட்டுக்குள்ள ஒரு மனுஷக் குரலும் கேக்கல. சோத்தப் போட்டா, மீனப் போட்டா, எதுத்தாப்புல உக்காந்தா. வாய் தானா தொறந்துகிச்சு.

"டேய், அந்தப் பாறை இருக்கே..."

"என்ன பாறைக்கு?"

"போன வருஷமே ஒரு சாண்கூட இல்லடா. இந்த வருஷம் தல காட்டுமான்னே தெரியல."

கவளத்த வாய்க்குக் கொண்டு போன கை அப்படியே நின்னுச்சு. "பாறை போச்சுன்னா திட்டு?"

"போயிடும்."

தம்பி மிச்சச் சோத்த ஒதுக்கி வச்சான். அப்புறம் கையக் கழுவிட்டு எந்திரிச்சான்.

"எங்கடா போற? இன்னும் சோறு இருக்கு."

"வேல இருக்குக்கா."

"உக்காரு, இன்னும் நான் சொல்லி முடிக்கல..."

அவன் மேடையில பாதி தூரம் போயிட்டான். வத்தம்மா தட்ட எடுத்து வச்சா. நுணலும் தன் வாயால கெடும்பாங்க. நுணலுக்கு ஒரு துணை இருந்திருந்தா அது ஏன் கத்தப் போகுது?

அந்த நாள் வந்துச்சு. லாஞ்சுக்காரர் காலையிலயே வந்துட்டார். ரிட்டையராக இன்னும் ரெண்டு வருஷம் இருக்குற ஆள். இருவது வருஷமா வருஷத்துல அந்த ஒரு நாள் மட்டும் வத்தம்மா கூடப் பேசுவார்.

"என்னம்மா, ஒரு வருஷம் ஆச்சா?"

"ஆச்சுண்ணே. உங்களுக்கு முடி கொட்டியிருக்கு."

"எனக்கு முடி, உங்களுக்குப் பாறை. தேயுறது தேஞ்சுதான் தீரும்."

ரெண்டு மணி நேர ஓட்டம். கடல் தட்டுல ஊத்துன தண்ணி மாதிரி அசையாம கெடந்துச்சு. தூரத்துல, வானம் கடலத் தொடுற எடத்துல, சாம்பக் கலர்ல ஒரு கப்பல் நின்னுகிட்டிருந்துச்சு. எதிர்க்கரைக்காரனோட அளவைக் கப்பல். அவனுக்கும் இன்னைக்குத்தானே வத்தம்.

பாறை கிட்ட நெருங்குனப்ப அங்க ஒரு விசைப்படகு நங்கூரம் போட்டு நின்னுச்சு. தம்பியோடது. ஆள் பாறை மேலயே நின்னு ரெண்டு கையையும் ஆட்டுறான்.

"அக்கா! வா வா! வந்து பாரு உன் பாறைய!"

வத்தம்மாவுக்கு மொதல்ல ஒண்ணும் புரியல. பாறை பெருசா இருந்துச்சு. முழங்கால் உயரம், அவ சின்ன வயசுல பாத்த மாதிரி. மேல வீட்டுத் தளம் போட்டாப்புல வழவழன்னு ஒரே மட்டம்.

"என்னடா இது?"

"சிமெண்டுக்கா! தண்ணிக்குள்ளயே இறுகுற சிமெண்டு. நாப்பது மூட்டை. எட்டுப் படகும் சேந்து ஏழு நாளா கொண்டாந்து போட்டோம். கொத்தனாரையே கூட்டியாந்து மட்டப்பலகை வச்சு இழுத்திருக்கோம். இனி அம்பது வருஷத்துக்கு முழுகாது. நீ நிம்மதியா கையெழுத்துப் போடு."

லாஞ்சுக்காரர் இஞ்சின நிறுத்துனார். "நல்லாத்தான் இழுத்திருக்காரு," அப்படின்னு மெதுவா சொன்னார். "மாடி கட்டி வாடகைக்கும் விடலாம்."

வத்தம்மா எறங்குனா. தளத்துல கால வச்சா. செருப்பு சறுக்குச்சு. அவ மொகம் போன போக்கப் பாத்துத் தம்பி கைய ஆட்டுறத நிறுத்திட்டான்.

"அடப் பாவி. மனுஷன் கட்டுனது செல்லாதுடா! ஆண்டவன் போட்டது மட்டும்தான் கணக்கு. கட்டுனா அது பாறை இல்ல, வெறும் சுவரு!"

"அது எனக்கெப்படித் தெரியும்? நீ சொல்லவே இல்லியே!"

"சொல்ல விட்டியா? சோத்துல இருந்து எந்திரிச்சு ஓடுனவன்தானே நீ!"

பிள்ளையார் புடிக்கக் கொரங்கா முடிஞ்ச கதைங்குறது இதுதான். இவங்கள முட்டாளுங்கன்னு சொல்லிட்டுப் போறது சுலபம். எட்டுப் படகுக்காரன் பொழப்பத் தீர்மானிக்கிற சட்டத்த அவன் பாஷையில ஒரு துண்டுத்தாள்ல அச்சடிச்சுக் குடுக்க ஒரு ஆபீஸுக்கும் துப்பில்ல. தெரிஞ்ச அளவுக்கு அவன் பண்ணான்.

மணி பன்னெண்டு அம்பது.

"அண்ணே, கடப்பாரை இருக்கா?"

லாஞ்சுல ஒரு கடப்பாரை இருந்துச்சு. படகுல ஒரு சம்மட்டி. கீழ இருக்குற நெசப் பாறை தண்ணிக்கு மேல இருக்கா இல்லையான்னு பாத்தாகணும். ஒண்ணு இருவதுக்கு வத்தம், அது ஒரு கால் மணி நேரம் நிக்கும், அப்புறம் கடல் திரும்பிடும். வத்தம்மா புடவைய இழுத்துச் சொருகிட்டு கடப்பாரையப் புடிச்சா. தம்பி சம்மட்டியத் தூக்குனான்.

ஏழு நாளாப் போட்டதுல ஒரு மூலைய உடைக்கவே அரை மணி நேரம். கொத்தனார் கை அப்படி. சிமெண்டு பேரும்போதெல்லாம் கண்ணுல தூசி. ரெண்டு பேரும் சேந்து ஒரு வேல பாத்து எத்தனையோ வருஷமாச்சு. கடைசியா அவன் எட்டாம் வகுப்புல இருக்கும்போது அலமாரிய நகத்துனது.

"அந்தப் பக்கம் அடிடா. ஓரத்துல."

"அக்கா, இரு, உன் விரல எடு மொதல்ல."

ஒரு தலகாணி வைக்கிற அளவுக்குப் பேந்துச்சு. அடியில கறுப்புப் பாறை. அதுல ஒட்டியிருந்த குட்டிச் சிப்பிங்க எல்லாம் சிமெண்டுக்கடியில செத்து வெளுத்துப் போயிருந்துச்சு. மணி ஒண்ணு இருவத்தி ரெண்டு. கடல் மூச்ச நிறுத்துனாப்புல நின்னுச்சு. வத்தம்மா குனிஞ்சு, அளவுப் பட்டைய வச்சு, மூணு வாட்டி அளந்தா.

நெசப் பாறை தண்ணிக்கு மேல இருந்துச்சு. மூணு விரல் உயரம். காஞ்ச பாறை.

சும்மா விட்டிருந்தா போதும். ஒரு மூட்டைகூட வேண்டாம். சட்டத்துக்கு மூணு விரல் ஏராளம்.

தம்பி அப்படியே உக்காந்துட்டான். "அப்ப தெரியுதுன்னு எழுதிடுக்கா. சிமெண்ட எழுதாத. மிச்சத்த நாங்க வந்து ஒடச்சு கடல்ல தள்ளிடுறோம்."

வத்தம்மா நிமுந்து பாத்தா. முக்காவாசிப் பாறை இன்னும் மட்டமா, வழவழன்னு வெயில்ல மின்னிக்கிட்டு இருந்துச்சு. அதுக்கப்பால அந்தச் சாம்பக் கப்பல் முன்னவிடக் கிட்ட வந்திருந்துச்சு.

"அவன்கிட்ட கேமரா இருக்குடா."

"இருக்கட்டுமே. உன் கையெழுத்து பெருசா, அவன் போட்டோ பெருசா?"

"என் கையெழுத்துல இந்தப் பாறை மட்டும் இல்ல. இந்தக் கரை பூரா இன்னும் ஒம்பது எடத்துக்கு என் நோட்டுதான் ஆதாரம். ஒரு பொய் எழுதி மாட்டுனா ஒம்பதும் பொய்யாயிடும். உன் எட்டுப் படகோட போறது எண்ணூறு படகோட போகும்."

"அப்ப என்னப் புடிச்சுக் குடுக்கப் போற."

"உன் பேர எழுத மாட்டேன்."

"பின்ன யார் பேர எழுதுவ? நிலா வந்து சிமெண்டு பூசிச்சுன்னா?"

அவ சான்றுத் தாள எடுத்தா. லாஞ்சு மேல உக்காந்து, தொடையில வச்சு எழுதுனா. பாறை தெரிகிறது. இயற்கையானது. மூணு விரல் உயரத்த மில்லிமீட்டர் கணக்குல. குறிப்புல எழுதுனா: மேற்பரப்பில் புதிதாக சிமெண்ட் பூசப்பட்டுள்ளது. ஒரு பகுதி அகற்றி அளக்கப்பட்டது. பாறை தேய்ந்துள்ள தகவலை வெளியில் சொன்னது நான்.

தம்பி எட்டிப் படிச்சான். எழுத்துக் கூட்டி, ரெண்டு வாட்டி. தண்ணியில குதிச்சுப் படகுக்கு நீந்திப் போனான். இஞ்சின் சத்தம் கேட்டுச்சு. திரும்பிப் பாக்கல. தண்ணி மெல்ல ஏறி, வெளுத்த சிப்பிங்கள மூடுச்சு.

அப்புறம் நடந்ததச் சுருக்கமாவே சொல்லலாம். பேச்சுவார்த்தையில எதிர்த்தரப்பு வக்கீல் போட்டோவப் போட்டுக் காட்டுனான். சிமெண்டு. சம்மட்டியோட ஒரு ஆம்பள. கடப்பாரையோட ஒரு பொம்பள. "இதுவா இயற்கை?"ன்னு கேட்டான். நம்ம தரப்பு அந்த அம்மா எழுதுன குறிப்பக் காட்டுச்சு, மூணு விரல் உண்மைன்னு வாதாடுச்சு. ரெண்டு நாள் இழுத்து, கடைசியில சந்தேகத்துக்கு எடமான புள்ளின்னு பாறைய விட்டுக் குடுத்துட்டாங்க. மத்த ஒம்பது எடத்தையும் எதிர்த்தரப்பு கேள்வி கேக்காம ஒத்துக்கிச்சு. தானே தன் தப்ப எழுதிக் குடுத்தவ நோட்டுல எதப் போய்ச் சந்தேகப்படுறது? கோடு ஆறு மைல் உள்ள வந்துச்சு. திட்டு அந்தப் பக்கம் போச்சு.

எண்ணூறு படகுக்காரனுக்குத் தன் பொழப்பு தப்பிச்சதே தெரியாது. எட்டுப் படகுக்காரனுக்குப் போனது தெரியும். மீன் எறங்குற எடத்துல வத்தம்மா நடந்தா பேச்சு நின்னுச்சு. ஒருத்தன் மட்டும் சத்தமா, "வழி விடுங்கப்பா, சட்டம் வருது," அப்படின்னான். தம்பி வலையில இருந்து தலையத் தூக்கல.

ஆபீஸ்ல விசாரணை வச்சாங்க. தகவல் வெளிய விட்டதுக்கு ரெண்டு வருஷம் சம்பள உயர்வு கட். அளவுகோல் வேலையில இருந்தும் எடுத்தாச்சு. கோலுக்குப் பக்கத்துல தானாவே அளந்து தானாவே அனுப்புற மிஷின் ஒண்ணப் பொருத்துனாங்க. அதுக்குத் தூக்கமும் வேண்டாம், பேச்சுத் துணையும் வேண்டாம். ரிட்டையராகுற வரைக்கும் குவார்ட்டர்ஸ்ல இருந்துக்கலாம்னு ஒரு கருணை. வேலை, ஊருக்குள்ள தலைமை ஆபீஸ்ல. மாடியில பழைய நோட்டுங்க அடுக்கி வச்ச ரூம். பத்துலருந்து அஞ்சு வரைக்கும்.

முப்பத்தொரு வருஷம் கழிச்சு அவளுக்கு சூரியனோட நேரம் கெடச்சுச்சு. ஊரு எந்திரிக்கும்போது எந்திரிச்சா. ஒரு மணிக்கு எல்லாரும் டிபன் பாக்ஸத் தொறக்கும்போது அவளும் தொறந்தா. பசிக்கல. பக்கத்து டேபிள் டைப்பிஸ்ட், "ஏம்மா, சாப்புடலியா?"ன்னு கேட்டா. "இன்னும் வத்தம் வரல," அப்படின்னா. அவங்க எல்லாரும் ஒருத்தர ஒருத்தர் பாத்துக்கிட்டாங்க. மறுநாள்ல இருந்து யாரும் கேக்கல.

தம்பி வரல. ஒரு மாசம், ரெண்டு மாசம், அஞ்சு மாசம். மிஷின் போடுற பட்டியல் நோட்டீஸ் பலகைக்கு வந்துச்சு. அவன் காப்பி எடுக்குறானான்னு அவளுக்குத் தெரியாது.

ஒரு செவ்வாக்கெழம அஞ்சரைக்கு ஆபீஸ்ல இருந்து வந்தா. மேடையில நடக்கும்போதே நாத்தம் அடிச்சுச்சு. கதவுத் தாப்பாள்ல ஒரு பை தொங்கிக்கிட்டிருந்துச்சு. சுத்தி ஈ. கீழ ஒரு பூனை அண்ணாந்து பாத்துட்டு உக்காந்திருந்துச்சு. பையப் பிரிச்சுப் பாத்தா மீனு. திட்டு மீன் இல்ல. கரையோரத்துப் பொடி மீன், ஒரு படி இருக்கும். காலையில வச்சது, நாள் பூரா வெயில் குடிச்சு அழுகிப் போயிருந்துச்சு.

அவளுக்குக் கணக்குப் போட நோட்டு வேண்டாம். இன்னைக்கு வத்தம் பதினொண்ணு பத்து.

வத்தத்துக்கு வந்திருக்கான். தட்டியிருக்கான். அக்கா முழிச்சிருக்குற நேரம்னு அவனுக்குத் தெரிஞ்ச ஒரே நேரம் அது. அக்கா இப்ப பத்துலருந்து அஞ்சு வரைக்கும் வேலைக்குப் போறான்னு அவன்கிட்ட யார் சொல்லியிருக்கப் போறா? அவ உள்ள இருந்துகிட்டே தொறக்கலன்னு நெனச்சுத்தான் போயிருப்பான்.

மீனப் பூனைக்குப் போட்டா. பையக் கழுவிக் காயப் போட்டா. வாசப்படியில உக்காந்து ரொம்ப நேரம் கோலையே பாத்துக்கிட்டிருந்தா.

மறுநாள் காலையில ஆபீஸுக்குப் போனதும் அரை நாள் லீவுக்கு எழுதிக் குடுத்தா. சூப்பிரண்டு கண்ணாடிய ஏத்திவிட்டுக்கிட்டுப் படிச்சார்.

"காரணம்னு இருக்குற எடத்துல என்னம்மா இது, வத்தம்னு எழுதியிருக்கீங்க? இப்ப அதெல்லாம் மிஷின் பாத்துக்குதே."

"தெரியும் சார்."

"நாளைக்கும் கேப்பீங்களா?"

"நாளைக்குப் பன்னெண்டு அம்பது சார். அதுக்கும் சேத்தே எழுதித் தந்துடுறேன்."

அவர் தலைய ஆட்டிட்டுக் கையெழுத்துப் போட்டார். பன்னெண்டு மணிக்குள்ள அவ மேடைக்கு வந்துட்டா. கதவ ரெண்டு பக்கமும் விரியத் தொறந்து வச்சா. ரெண்டு பேருக்கு அரிசி களைஞ்சு உலையில போட்டுட்டு, வாசல்ல வந்து நின்னா. கோல்ல தண்ணி நல்லா எறங்கி நின்னுச்சு.